பிரவுசர்லயே படத்தைச் சுருக்கி நேரா பேஸ்புக்ல ஏத்த முடியுமா? (குளத்துப் பறவைப் படங்கள்)

குளத்தங்கரை | வியாழன், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ஜாவாஸ்கிரிப்ட் தெரிஞ்சவங்க கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.

நாங்க கொஞ்சப் பேரு சேந்து நெல்லையைச் சுத்தி உள்ள குளங்கள்ல பறவை பாக்கப் போவோம். நயினார்குளம், ராஜவல்லிபுரம், கங்கைகொண்டான், விஜயநாராயணம்னு ஞாயித்துக்கிழமை ஆனா ஆளுக்கொரு பக்கம். ஜனவரியில தாமிரபரணிக் குளங்கள்ல நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும்போது காலேஜ் பிள்ளைங்களும் வந்துருவாங்க. எடுத்த படம் பூராவும் வாட்ஸ்அப் குரூப்ல வந்து குவியும். வாட்ஸ்அப் அமுக்குற அமுக்குல நாரை மூக்கு எது, நாணல் எதுன்னு தெரியாது. அதை நான் ஒண்ணொண்ணா இறக்கி, அடியில குளத்துப் பேரு, பறவை பேரு, தேதி, எடுத்தவர் பேரு எழுதி எங்க பேஸ்புக் பேஜ்ல போடணும். ராத்திரி பூரா இதே சோலி.

அதனால ஒரே ஒரு வெப் பேஜ் எழுதிக்கிட்டு இருக்கேன். போன்ல அதைத் திறந்து, படத்தைத் தேர்ந்தெடுத்து, குளத்தைக் குறிச்சா, கேன்வாஸ்ல (பிரவுசருக்குள்ளயே படம் வரையுற பலகை) படம் சுருங்கி, அடியில இந்த விவரமெல்லாம் எழுதுன பட்டை விழுந்து, ஒரு பட்டனை அமுக்குனா பேஜுக்குப் போயிரணும். முடிஞ்சா எடுத்தவரோட சொந்தப் ப்ரொஃபைலுக்கும் போகணும். சர்வர்னு எதுவும் கிடையாது. கிட்ஹப் பேஜஸ்ல (வெப் பக்கம் வைக்க இடம் குடுக்கிற தளம்) கிடக்கிற வெறும் ஸ்டேட்டிக் பக்கம்தான்.

கேன்வாஸ் வரைக்கும் முடிச்சாச்சு. அதுக்குப் பிறகு கேன்வாஸை பேஸ்64 (படத்தை எழுத்தா மாத்துற முறை) ஆக்கி, பேஸ்புக் எஸ்டிகே-யில (ஆப் எழுதுறவங்களுக்கு பேஸ்புக் குடுக்கிற கோடுத் தொகுப்பு) உள்ள ‘எஃப்பி.ஏபிஐ’ மூலமா அனுப்புனா, 324-ம் நம்பர் பிழை: ‘ரிக்வயர்ஸ் அப்லோட் ஃபைல்’. சொந்தப் ப்ரொஃபைலுக்கு அனுப்புனா 200, பெர்மிஷன் பிழை. நெட்ல தேடுனா ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க, ஒண்ணும் வேலைக்காகல.

---

வடக்குரதவீதி | வியாழன், இரவு 10.05

324-க்கு மட்டும் முதல்ல சொல்லுதேன்.

‘எஃப்பி.ஏபிஐ’ எழுத்தா உள்ள பாராமீட்டரைத்தான் கொண்டு போகும், ஃபைலைக் கொண்டு போகாது. நீங்க அனுப்புற பேஸ்64 அங்க போய்ச் சேரும்போது வெறும் நீளமான எழுத்துக் குவியல். ‘எங்கவே ஃபைலு?’ன்னு அது கேக்கு, அவ்வளவுதான்.

எஸ்டிகே-யை லாகினுக்கு மட்டும் வச்சுக்கிடுங்க. ஏத்துற வேலைக்கு பிரவுசரோட சொந்த ‘ஃபெட்ச்’ போதும். கேன்வாஸ்ல ‘டூடேட்டாயூஆர்எல்’ கூப்பிடாதீங்க, ‘டூப்ளாப்’ கூப்பிடுங்க. கையில ஒரு ப்ளாப் வரும், அதுதான் நிஜ ஃபைல். புதுசா ஒரு ஃபார்ம்டேட்டா எடுத்து, அதுல ‘சோர்ஸ்’ங்கிற பேர்ல ப்ளாபையும், ‘கேப்ஷன்’ங்கிற பேர்ல எழுத்தையும், ‘ஆக்சஸ்_டோக்கன்’ல டோக்கனையும் (லாகின் பண்ணினா கிடைக்கிற அனுமதிச் சாவி) சேத்து, கிராஃப் ஏபிஐ-யில (ஆப்கள் பேஸ்புக்கோட பேசுற வழி) பேஜ் ஐடி போட்டு அதுக்குப் பின்னால ‘ஃபோட்டோஸ்’ங்கிற முகவரிக்கு போஸ்ட் பண்ணுங்க. வேற தளத்துல இருந்து வார கோரிக்கையையும் கிராஃப் சர்வர் ஏத்துக்கிடும், அதனால கார்ஸ் பிரச்சினை வராது.

முக்கியமா ஒண்ணு: ‘கன்டென்ட் டைப்’ ஹெடரை நீங்களா எழுதக் கூடாது. ஒவ்வொரு பகுதியும் எங்க முடியுதுன்னு காட்டுற எல்லைக் குறி ஒண்ணை பிரவுசரே உண்டாக்கி அந்த ஹெடர்ல சேக்கும். நீங்க கைவச்சா அந்தக் குறி போயிரும், திரும்பவும் 324-தான்.

இன்னொண்ணு, பேஸ்64 ஆக்குனா அளவு மூணுல ஒரு பங்கு கூடிரும். காரையார் பக்கம் ஒரு கோடு சிக்னல்ல நின்னுக்கிட்டு அந்தச் செலவு எதுக்கு?

---

கல்லிடைக்காரி | வியாழன், இரவு 10.50

மேல சொன்னது சரி. ஆனா ரெண்டாவது கேள்விக்குப் பதில் ‘முடியாது’தான், தம்பி. எந்தப் புரோகிராம் கோடு எழுதினாலும் முடியாது.

ஆளோட சொந்த டைம்லைன்ல ஒரு ஆப் படம் போடணும்னா முன்னால ‘பப்ளிஷ்_ஆக்ஷன்ஸ்’னு ஒரு அனுமதி இருந்தது. 2018 மார்ச்ல பேஸ்புக் ஆட்களோட தகவலை ஒரு கம்பெனி எடுத்துப் பயன்படுத்தின கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடிச்சுது இல்லையா, அதுக்கு அடுத்த மாசமே அந்த அனுமதியை எடுக்கப் போறோம்னு பேஸ்புக் சொல்லிட்டாங்க. 2018 ஆகஸ்ட் 1-ல இருந்து சுத்தமா இல்லை. நெட்ல கிடைக்கிற பாதி விடைகள் 2012, 2013-ல எழுதினது. அதுல கோடு எல்லாம் சரியாத்தான் இருக்கும். அனுமதிதான் செத்துப்போச்சு. பதில் எழுதுன தேதியைப் பாக்காம எதையும் எடுத்துப் போடாதீங்க.

பேஜுக்கு இப்பவும் வழி இருக்கு. லாகின்ல ‘பேஜஸ்_ஷோ_லிஸ்ட்’, ‘பேஜஸ்_ரீட்_எங்கேஜ்மென்ட்’, ‘பேஜஸ்_மேனேஜ்_போஸ்ட்ஸ்’ மூணையும் கேக்கணும். லாகின் முடிஞ்சதும் கிடைக்கிறது ஆளோட டோக்கன். அதை வச்சு ‘மீ/அக்கவுன்ட்ஸ்’ கேட்டா, அந்த ஆள் பாத்துக்கிடற பேஜ்கள் ஒவ்வொண்ணுக்கும் தனியா ஒரு டோக்கன் வரும். படம் ஏத்த வேண்டியது அந்தப் பேஜ் டோக்கனை வச்சு. இந்த ரெண்டு டோக்கனையும் குழப்பிக்கிட்டுத்தான் பல பேரு 200-ம் நம்பர் பிழையில உக்காந்திருப்பாங்க.

உங்க பேஜ், உங்க ஆப், அதை உபயோகிக்கிறவங்களுக்கும் ஆப்ல ரோல் குடுத்தாச்சுன்னா, ஆப் ரிவ்யூ (ஆப்பை பேஸ்புக் பாத்து அனுமதி குடுக்கிறது) எல்லாம் தேவைப்படாது. ஊர்ல உள்ளவங்க எல்லாரும் அவங்கவங்க பேஜுக்கு உங்க ஆப் வழியா ஏத்தணும்னாதான் ரிவ்யூ, பிசினஸ் வெரிஃபிகேஷன்னு இழுக்கும்.

---

பேட்டை_அண்ணாச்சி | வெள்ளி, காலை 6.15

தம்பி குளத்தங்கரை, ஒண்ணு கேக்கேன். பட்டனை அமுக்கப் போறது யாரு? நீரு மட்டுமா, குரூப்ல உள்ள அம்புட்டுப் பேருமா?

---

குளத்தங்கரை | வெள்ளி, காலை 7.30

எல்லாரும்தான் அண்ணாச்சி. அதுக்குத்தானே இந்தப் பாடு. ஒவ்வொருத்தரையும் பேஜ்ல எடிட்டரா சேக்க முடியாது, காலேஜ் பிள்ளைங்க வருஷா வருஷம் மாறிருவாங்க. அதனால என்னோட பேஜ் டோக்கனையே அந்தப் பக்கத்துக் கோட்ல எழுதி வச்சிரலாம்னு நினைச்சேன். அப்ப யாருக்கும் லாகினே தேவைப்படாதுல்லா?

---

பேட்டை_அண்ணாச்சி | வெள்ளி, காலை 7.42

நெனச்சேன். அதான் கேட்டேன்.

வே, பிரவுசர்ல ஓடுற கோடு பூராவும் பாக்குறவன் கைக்குப் போயிருது. வலது கிளிக் பண்ணி சோர்ஸைப் பாத்தாலே டோக்கன் அங்கன கிடக்கும். நீரு மினிஃபை பண்ணிச் சுருக்குவேன், ரெண்டாப் பிச்சு ஒட்டுவேன்னு சொல்லலாம். எப்படிச் சுத்துனாலும் கோரிக்கை வெளிய போகும்போது நெட்வொர்க் டேப்ல முழுசா வந்து நிக்கும். அதுலயும், நீண்டகால டோக்கன்ல இருந்து எடுத்த பேஜ் டோக்கனுக்குக் காலாவதித் தேதியே கிடையாது. அதை எடுத்தவன் உம்ம பேஜ்ல என்னத்தையும் போடுவான், இருக்கிறதை அழிப்பான். கிட்ஹப்ல வேற வைக்கீரு, அங்க இந்த மாதிரி டோக்கனைத் தேடுறதுக்குன்னே ஸ்கிரிப்ட் எழுதி ஓட விட்டிருக்கானுவ. ஆப் சீக்ரெட்டும் (ஆப்போட ரகசியச் சாவி) அதே கதைதான், அது சர்வரைத் தாண்டி வெளிய வரவே கூடாது.

ஆனித் தேருக்கு வடம் பிடிக்க ஊரே வரலாம், சக்கரத்துக்குச் சறுக்குக்கட்டை போடுறது பழகுன நாலு பேருதான். உம்ம பேஜுக்கும் நாலு பேரை வச்சுக்கிடும்.

---

வடக்குரதவீதி | வெள்ளி, காலை 9.10

அண்ணாச்சி சொல்லுறதுல பாதிதான் சரி. டோக்கனைக் கோட்ல எழுதுறது தப்பு, அதுல மறுபேச்சு இல்லை. ஆனா ‘பிரவுசர்ல டோக்கனே இருக்கக் கூடாது’ங்கிற மாதிரி ஆக்கிராதீங்க. எடிட்டர் தன் போன்ல தானே லாகின் பண்ணி, தன் பேஜ் டோக்கனை அந்தத் தடவைக்கு வாங்கி, ஏத்திட்டுப் போறாரு. டோக்கன் அவருது, போன் அவருது, இதுல யாருக்கு என்ன நட்டம்? பிரவுசர் லாகின்ல கிடைக்கிற ஆள் டோக்கன் ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல செத்துரும். அதை 60 நாள் டோக்கனா மாத்தணும்னாதான் ஆப் சீக்ரெட் வேணும், அதாவது சர்வர் வேணும். மாத்தாம விட்டுருங்க, தேவைப்படும்போது திரும்ப லாகின் பண்ணிக்கிடலாம்.

டோக்கனை லோக்கல்ஸ்டோரேஜ்ல (பிரவுசர் போன்லயே சேத்து வைக்கிற இடம்) சேமிச்சு வைக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

---

பேட்டை_அண்ணாச்சி | வெள்ளி, காலை 9.25

அதை நான் எங்கவே மறுத்தேன்? நாலு பேருன்னு சொன்னேம்லா, அந்த நாலு பேருக்கு இந்த வழி சரி. மிச்சப் பேருக்கு என்ன வழின்னுதான் கேள்வி.

நான் செஞ்சா நடுவுல ஒரு சின்ன சர்வர் ஃபங்ஷன் (கூப்பிட்டா மட்டும் ஓடுற சர்வர் கோடு) வைப்பேன். டோக்கன் அங்கதான் இருக்கும். பிள்ளைங்க பிரவுசர்ல இருந்து படம் அங்க வரும், அங்க இருந்து பேஸ்புக்குக்குப் போகும். இலவச அளவுக்குள்ளேயே முடிச்சிரலாம்.

---

கல்லிடைக்காரி | வெள்ளி, பகல் 1.20

அந்த ஃபங்ஷனோட முகவரியும் பிரவுசர் கோட்லதானே அண்ணாச்சி இருக்கும்? டோக்கன் தெரியாதவனும் அந்த முகவரிக்குப் படத்தை அனுப்பலாமே. அனுப்புறது யாருன்னு அங்க ஒரு சரிபார்ப்பு வேணும், அனுப்பினதை ஒருத்தர் பாத்து விடணும். இல்லாட்டி பறவைகள் பேஜ்ல ஒருநாள் ராத்திரி என்ன வந்து நிக்கும்னு சொல்ல முடியாது. சரிபார்ப்பு எழுதி, பாத்து விடுற திரை எழுதி முடிக்கும்போது அது சின்ன ஃபங்ஷனா இருக்காது. பராமரிக்க ஆள் இருந்தா செய்யுங்க.

குளத்தங்கரை தம்பி, உங்க பிள்ளைங்களுக்கு எடிட்டர் கையில நல்ல தரத்துல, பட்டை விழுந்த படம் வந்து சேந்தா போதும்தானே? அப்படின்னா பேஸ்புக் ஏபிஐ-யே வேண்டாம். ‘நேவிகேட்டர்.ஷேர்’ இருக்கு. ப்ளாபை ஒரு ஃபைலாச் சுத்தி அதுக்குக் குடுத்தா, போனோட ஷேர் பலகை மேல வரும், வாட்ஸ்அப், பேஸ்புக், மெயில்னு எதை வேணா அவங்க தொட்டுக்கிடலாம். நீங்க கேட்ட சொந்தப் ப்ரொஃபைல் வேலையும் இதுலயே முடியுது, ஏன்னா போடுறது ஆப் இல்லை, அந்த ஆளே போடுறாரு. டோக்கன், லாகின், ரிவ்யூ எதுவும் கிடையாது. ஆண்ட்ராய்டு குரோம்ல 2019-ல இருந்தே ஃபைலோட வேலை செய்யுது, ஐபோன்ல ஐஓஎஸ் 15-ல இருந்து. முதல்ல ‘கேன்ஷேர்’ கேட்டுப் பாத்துட்டு, இல்லைன்னா ‘இறக்கிக்கொள்’னு ஒரு பட்டனைக் காட்டுங்க.

வாட்ஸ்அப்புக்கு அனுப்பும்போது மட்டும் ஹெச்டி-யைத் தொடச் சொல்லுங்க, இல்லைன்னா டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க. இல்லாட்டி திரும்பவும் நாணலும் நாரையும்தான்.

---

கூந்தங்குளத்துக்காரன் | வெள்ளி, மாலை 4.05

கோடு பத்தி எனக்கு அவ்வளவு தெரியாது, படம் பத்திச் சொல்லுதேன்.

போன்ல லொகேஷன் ஆன்ல இருந்தா எடுக்கிற ஒவ்வொரு படத்துக்குள்ளயும் எக்ஸிஃப்ங்கிற பேர்ல இடத்தோட ஜிபிஎஸ் எண் போய் உக்காந்துக்கிடும். கூந்தங்குளத்துக்கு அதனால பாதகம் இல்லை. 1994-ல இருந்து சரணாலயம், ஊருக்கே தெரிஞ்ச இடம், வீட்டு வாசல் மரத்துலயே நாரை கூடு கட்டுற ஊரு. ஆனா ஆந்தைக் கூடு, தேவாங்கு இருக்கிற மரம்னு எடுத்துட்டு, அந்த ஃபைலை டாக்குமென்ட்டா அனுப்பினா மரத்துக்கே வழி காட்டிட்ட மாதிரி. இதைக் கேன்வாஸ் எதுவும் பண்ணுமா?

---

வடக்குரதவீதி | வெள்ளி, மாலை 4.40

நல்ல கேள்வி. கேன்வாஸ்ல வரைஞ்சு எடுத்தா எக்ஸிஃப் மொத்தமும் போயிரும். கேன்வாஸுக்குத் தெரிஞ்சது புள்ளிகளோட நிறம் மட்டும்தான், கேமரா பேரு, நேரம், ஜிபிஎஸ் எதுவும் அதுக்குத் தெரியாது. டூப்ளாப் குடுக்கிற ஜேபெக் வெறும் படம். ஆக இவரோட பக்கம் வழியா வார படத்துல மரத்தோட எண் இருக்காது.

இதுலயே ஒரு இடைஞ்சலும் இருக்கு. எடுத்த தேதியும் எக்ஸிஃப்லதான் இருந்தது. பட்டையில தேதி தானா விழணும்னா, கேன்வாஸுக்குப் போறதுக்கு முன்னாலயே மூல ஃபைல்ல இருந்து அதை மட்டும் படிச்சு வச்சுக்கிடணும். ஃபைலோட ‘லாஸ்ட்மாடிஃபைட்’ தேதியை நம்பாதீங்க, வாட்ஸ்அப் வழியா வந்த படம்னா அது இறக்கின தேதியா இருக்கும்.

படம் குப்புற விழுமான்னு சில பேரு பயப்படுவாங்க. அது பழைய கதை. 2020 வாக்குல குரோம், பயர்ஃபாக்ஸ், சபாரி மூணும் எக்ஸிஃப் திசையைத் தானே பாத்து நிமித்தி வரைய ஆரம்பிச்சிட்டு. நீங்களும் கோடு எழுதித் திருப்புனா ரெண்டு தடவை திரும்பிரும்.

---

கூந்தங்குளத்துக்காரன் | வெள்ளி, மாலை 5.00

சந்தோசம். ஆனா பட்டையில குளத்துப் பேரை பெரிசா எழுதுறீகளே! கூடு படம்னா அந்தப் பேரை மறைக்கிறதுக்கு ஒரு டிக் பெட்டி வைங்க. ‘நெல்லை மாவட்டம்’னு மட்டும் விழுந்தாப் போதும்.

---

குளத்தங்கரை | வெள்ளி, இரவு 10.30

டிக் பெட்டி வச்சாச்சு. ஷேர் யோசனைக்கு அக்காவுக்கு ரொம்ப நன்றி, அதைத்தான் பிள்ளைங்களுக்கு வைக்கப் போறேன். எடிட்டர் மூணு பேருக்குத் தனியா இன்னொரு பக்கம், அதுல பேஸ்புக் லாகின்.

இப்ப ரெண்டு சிக்கல். ஒண்ணு, எங்க லோகோவைப் பட்டையோட ஓரத்துல வரைஞ்ச உடனே டூப்ளாப் ‘செக்யூரிட்டி எரர், டெயின்டட் கேன்வாஸ்’னு நின்னுருது. லோகோ அதே ஃபோல்டர்லதான் இருக்கு. லேப்டாப்ல ஃபைலை டபுள் கிளிக் பண்ணித் திறந்து பாக்கேன்.

ரெண்டு, ஷேர் பட்டன் சில போன்ல வேலை செய்யுது, என் அத்தான் ஐபோன்ல ‘நாட் அலவ்ட்’னு வருது.

---

கல்லிடைக்காரி | சனி, காலை 8.15

முதலாவது: டபுள் கிளிக்தான் காரணம். அப்படித் திறந்தா முகவரி ‘ஃபைல்’னு தொடங்கும். அந்த நிலைமையில குரோம் ஒவ்வொரு ஃபைலையும் வேற வேற ஊர்க்காரன் மாதிரி நடத்தும், பக்கத்துல இருக்கிற லோகோவா இருந்தாலும் சரி. அந்நியப் படம் ஒண்ணு மேல பட்டாச்சுன்னா அந்தக் கேன்வாஸ்ல இருந்து எதையும் வெளிய எடுக்க விடாது. நீங்க லாகின் பண்ணியிருக்கிற வேற தளத்துப் படத்தை ஒரு பக்கம் ரகசியமாப் படிச்சிரக் கூடாதுங்கிறதுக்கு வச்ச காவல் அது. பைதான் இருந்தா அதோட ‘ஹெச்டிடிபி.சர்வர்’ ஒரே வரியில ஓடும், லோக்கல்ஹோஸ்ட்ல திறங்க. இல்லைன்னா கிட்ஹப்ல ஏத்தியே பாருங்க. லோகோ வேற தளத்துல இருந்தா ‘கிராஸ்ஆரிஜின்’ல ‘அனானிமஸ்’னு போடணும், அந்தத் தளமும் சம்மதிக்கணும்.

ரெண்டாவது: பட்டனை அமுக்கின பிறகுதான் படத்தைச் சுருக்க ஆரம்பிக்கிறீங்கன்னு நினைக்கிறேன். ஷேர் பலகையை ஆள் கை பட்ட சூட்டோட கூப்பிடணும், நேரம் கடந்தா பிரவுசர் மறுத்துரும். சபாரி இதுல கொஞ்சம் கறார். படத்தைத் தேர்ந்தெடுத்த உடனேயே சுருக்கி, பட்டை போட்டு, ப்ளாபைத் தயாரா வச்சிருங்க. பட்டன்ல ஷேர் மட்டும்தான் இருக்கணும்.

பேஸ்புக் ஆப்புக்குள்ள லிங்க்கைத் தொட்டுத் திறக்கிறவங்களுக்கு ஷேரே வராமப் போகலாம், குரோம்ல திறக்கச் சொல்லுங்க. நீங்க கூட அனுப்பற எழுத்தையும் பேஸ்புக் தூக்கிப் போட்டுரும், படம் மட்டும்தான் போகும். ஆளுக்காக ஆப் எழுதிக் குடுக்கிற கேப்ஷன் அவங்களுக்குப் பிடிக்காது.

---

தேரடி | சனி, காலை 11.00

இடையில நுழையிறதுக்கு மன்னிக்கணும். நான் திருவிழாப் படம் போடுறவன். இதே மாதிரி பிரவுசர்ல இருந்து இன்ஸ்டாவுக்கு ஏத்தலாமா?

---

வடக்குரதவீதி | சனி, காலை 11.20

நேரா முடியாது. இன்ஸ்டாகிராம் ஏபிஐ படத்தை ப்ளாபா வாங்காது, படம் ஏற்கெனவே பொதுவெளியில ஒரு முகவரியில இருக்கணும், அதைக் குடுத்தா அதுவா வந்து எடுத்துக்கிடும். ஜேபெக் மட்டும்தான், கணக்கும் ப்ரொஃபஷனலா இருக்கணும். உங்களுக்கு ஷேர் பலகையே போதும்.

---

பொதிகைச்சாரல் | சனி, பகல் 12.45

எல்லாரும் பேஸ்புக்கையே கட்டிக்கிட்டு அழுறீங்க. மாஸ்டடான், ப்ளூஸ்கைனு வேற சமூக வலைத்தளங்களும் இருக்கு. மாஸ்டடான்ல படத்தை ஒரு முகவரிக்கு அனுப்பினா ஒரு ஐடி வரும், அந்த ஐடியைப் பதிவோட சேத்து அனுப்பினா முடிஞ்சது. ப்ளூஸ்கைலயும் அப்படித்தான், படத்தோட அளவுக்கும் எண்ணிக்கைக்கும் மட்டும் ஒரு வரம்பு உண்டு. ரிவ்யூ கிடையாது, யார் கால்லயும் விழ வேண்டாம்.

---

பேட்டை_அண்ணாச்சி | சனி, பகல் 12.58

சரிதாம்வே. பாக்க ஆள் வேணும்லா? விஜயநாராயணத்துல குளத்துக்குப் பக்கத்துல இருக்கிறவன் பேஸ்புக்லயும் வாட்ஸ்அப்லயும்தான் இருக்கான். குளத்துல மண் அள்ளுனா முதல்ல போன் பண்ணுறதும் அவன்தான்.

---

குளத்தங்கரை | ஞாயிறு, மாலை 6.20

ஷேர் சரியாயிட்டு, அத்தான் போன்லயும் வருது. இன்னைக்குக் காலையில ராஜவல்லிபுரம் போயிருந்தோம், பிள்ளைங்க குளக்கரையில நின்னே அனுப்பிட்டாங்க. படத்தை 2048 புள்ளி அகலத்துக்குச் சுருக்கி, தரம் 0.85-ன்னு வச்சேன். கரண்டிவாயனோட மூக்குல உள்ள வரி வரைக்கும் தெளிவா இருக்கு.

எடிட்டர் பக்கத்துல இருந்து பேஜுக்கு ஏத்திப் பாத்தேன், ஃபார்ம்டேட்டா வழியா சட்டுன்னு போயிட்டு. ஆனா என் கண்ணுக்கு மட்டும்தான் தெரியுது. குரூப்ல யாரைக் கேட்டாலும் ‘அப்படி ஒண்ணும் வரலையே’ங்கிறாங்க. இன்னொண்ணு, 4 படம் போட்டா 4 பதிவா விழுது.

---

கல்லிடைக்காரி | ஞாயிறு, இரவு 7.05

ஆப் இன்னும் டெவலப்மென்ட் மோட்ல இருக்கு. அந்த மோட்ல இருந்து போட்டது ஆப்ல ரோல் உள்ளவங்களுக்கு மட்டும்தான் தெரியும். பிரைவசி பாலிசிக்கு ஒரு பக்கம் எழுதி, அதோட முகவரியைக் குடுத்து, லைவ் மோடுக்கு மாத்துங்க. மாத்தின பிறகு புதுசா ஏத்திப் பாருங்க.

நாலையும் ஒரே பதிவாக்க, ஒவ்வொரு படத்தையும் ‘பப்ளிஷ்ட்’ங்கிறதை ‘ஃபால்ஸ்’னு (வெளியிடாதேன்னு) வச்சு ஏத்துங்க. படம் போய் உக்காந்துக்கிடும், வெளிய தெரியாது. திரும்பி வார 4 ஐடியையும் ‘அட்டாச்ட்_மீடியா’ல கோத்து, பேஜோட ‘ஃபீட்’ முகவரிக்கு ஒரே போஸ்ட். எழுத்தை அங்க ‘மெசேஜ்’ல குடுங்க.

கிராஃப் முகவரியில வெர்ஷன் நம்பரையும் எழுதிருங்க. ஒரு வெர்ஷன் குறைஞ்சது 2 வருஷம் உயிரோட இருக்கும், அதுக்குப் பிறகு ஒருக்கா எட்டிப் பாக்கணும்.

---

வடக்குரதவீதி | ஞாயிறு, இரவு 7.30

எத்தனை சதவீதம் போயிருக்குன்னு காட்டணும்னா ஃபெட்ச்ல ஆகாது, பழைய எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபி ரிக்வஸ்ட்தான். அதோட ‘அப்லோட்’ல ப்ராக்ரஸ் வரும். சிக்னல் இல்லாத இடத்துல அது இல்லாட்டி பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கி ஒரே படத்தை மூணு தடவை ஏத்திருவாங்க.

பட்டையில தமிழ் எழுத்துக்கு வெளி ஃபான்ட் போட்டிருந்தா, வரையுறதுக்கு முன்னால ‘டாக்குமென்ட்.ஃபான்ட்ஸ்.லோட்’ முடியிற வரைக்கும் காத்திருங்க. காத்திருக்காட்டி முதல் படம் மட்டும் வேற எழுத்துல விழும்.

---

குளத்தங்கரை | ஞாயிறு, இரவு 9.50

லைவ் மோட் போட்டாச்சு, 4 படமும் ஒரே பதிவா விழுந்துட்டு, எல்லாருக்கும் தெரியுது. பேஜ்ல போய்ப் பாருங்க.

---

கூந்தங்குளத்துக்காரன் | ஞாயிறு, இரவு 10.10

பாத்தேன், அருமை. ரெண்டாவது படத்துல ‘உண்ணிக்கொக்கு’ன்னு பட்டையில அடிச்சிருக்கே, அது சின்னக் கொக்கு. மூக்கு கறுப்பா இருக்கு, பாதம் மஞ்சளா இருக்கு பாருங்க. உண்ணிக்கொக்குக்கு மூக்குதான் மஞ்சள்.

---

வடக்குரதவீதி | ஞாயிறு, இரவு 10.18

அப்ப பறவை பேரைப் பட்டையில எழுதவே வேண்டாம். குளம், தேதி, எடுத்தவர் பேரு, இது மூணும் எடுக்கும்போதே உறுதியாத் தெரியும், அது படத்துல இருக்கட்டும். பறவை பேரு மெசேஜுக்குப் போகட்டும். ஒரு ஆப் தான் போட்ட பதிவோட எழுத்தைத் தானே திருத்தலாம், வேற வழியா போட்ட பதிவைத்தான் தொட முடியாது. பதிவு ஐடியை வச்சுக்கிட்டு எடிட்டர் பக்கத்துல ‘பேரைத் திருத்து’ன்னு ஒரு பட்டன் வச்சிருங்க.

---

குளத்தங்கரை | ஞாயிறு, இரவு 10.25

செஞ்சிருதேன். இந்தப் படத்தை மட்டும் அழிச்சிட்டுப் புதுப் பட்டையோட திரும்ப ஏத்துதேன். எடுத்த பிள்ளைகிட்ட மூலப் படம் இருக்கான்னு கேட்டிருக்கேன்.